சீஸ் தின்னக் கூடாத வீடு

பாலை உறையவைக்க வெளிநாட்டிலிருந்து ஒரு டின் பவுடர் வந்திருக்கிறது என்று கல்முனையில் போய்ச் சொன்னால் சிரிக்காமல் வேறு என்ன செய்வார்கள்? எருமைப் பாலைக் காய்ச்சி மண் முட்டியில் ஊற்றி, நேற்றைய தயிரில் ஒரு கரண்டி விட்டு, மூடிவைத்துவிட்டுப் படுத்தால் காலையில் முட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். இதைச் செய்யத் தெரியாத வீடு அந்தப் பக்கத்தில் உண்டா? ஆனால் சூறாவளி வந்து ஊரைப் புரட்டிப் போட்ட பிறகு எந்த நாட்டுக்காரனுக்கு மனம் இரங்கியதோ, கல்முனைப் பால் சங்கத்துக்குச் சீஸ் செய்கிற யந்திரம் ஒன்றை அனுப்பிவைத்தான். ஊர் கேட்டது கூரைத் தகரம். வந்தது சீஸ் யந்திரம். அதற்குத் துணையாக வந்ததுதான் அந்தப் பவுடர் டின்.

டின்னைப் பொறுப்பெடுத்தவன் அப்துல் கபூர். பால் சங்கத்தின் பரிசோதகன். அவன் பரிசோதகன் என்பதாலேயே பாதி ஊருக்கு அவனைப் பிடிக்காது. பாலில் தண்ணீர் கலந்து கொண்டுவருகிறவனை ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பிடித்துவிடுகிறவனை யாருக்குத்தான் பிடிக்கும்? நல்ல மனிதன்தான். ஆனால் எதையும் இரண்டு தரம் பார்க்காமல் நம்பமாட்டான். வீட்டுப் பூட்டைப் பூட்டிவிட்டு, ஒழுங்கை முனைவரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள்.

டின்னுக்குள் இருந்தது நொதி. அந்தக் காலத்தில் சீஸ்காரர்கள் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியால்தான் பாலை இறுக்குவார்கள். யார் அறுத்த கன்றோ, எப்படி அறுத்ததோ, அது நமக்கு ஆகாது. இந்த டின்னில் இருந்ததோ பூஞ்சணத்தில் வளர்த்து எடுத்த நொதி. கபூர் அந்தக் காகிதங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போனான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பூஞ்சணத்த ஆரும் அறுக்கத் தேவல்ல. இது ஹலால்தான்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். கபூருக்கு நெஞ்சு குளிர்ந்தது. பாதிக் கிணறு தாண்டிவிட்டதாக நினைத்தான். பாவம்.

மற்றப் பாதி, முகைதீன்பாவா மரைக்கார் வடிவில் வந்து சேர்ந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவர், நாலு எருமைப் பட்டிக்குச் சொந்தக்காரர், எதற்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிறவர். யந்திரத்தைப் பார்க்க வந்தவர், பெரிய தொட்டி நிறையப் பால் நிற்பதைப் பார்த்தார். காரைதீவுக்காரன் அழகரெத்தினம், அவன்தான் அங்கே சீஸ் காய்ச்சுகிறவன், ஒரு நுள்ளுப் பவுடரைத் தண்ணீரில் கரைத்துப் பாலில் விட்டுக் கலக்கினான். ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம். தொட்டிப் பால் முழுவதும் கத்தி வைத்து வெட்டுகிற மாதிரி இறுகி நின்றது.

மரைக்காரின் முகம் வெளுத்துப் போனது.

"தம்பி கபூர், இந்த நுள்ளுப் பவுடர் இவ்வளவு பெரிய தொட்டிப் பால இறுக்குதெண்டா, மனிசன்ட வகுத்துக்குள்ள போய் என்னென்னத்த இறுக்கும்?"

கபூர் விளக்கினான். பவுடர் பாலை மட்டும்தான் இறுக்கும், வயிற்றுக்குள் போனால் சோறு மாதிரிச் செரித்துவிடும் என்றான். யார் கேட்டார்கள்? மரைக்கார் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கேள்வி ஊரெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இரத்தம் இறுகிவிடுமாம். பால் கொடுக்கிற தாய்மாருக்கு மாரில் பால் கட்டியாகிவிடுமாம். புது மாப்பிள்ளைமார் மோந்தும் பார்க்கக் கூடாதாம். ஏன் என்று கேட்டால் சொல்கிறவர் வானத்தைப் பார்ப்பார். அக்கரைப்பற்றில் ஒருவன் தின்று கல்லாய்ப் போனான் என்றும் ஒரு கதை வந்தது. அக்கரைப்பற்றுக்குப் போய் விசாரித்தால் அங்கே கல்லாய்ப் போனவன் கல்முனைக்காரனாம்!

கபூர் விடவில்லை. பவுடரோடு வந்த பரிசோதனை அறிக்கையை எடுத்துக்கொண்டு மரைக்காரிடம் போனான். "மூண்டு மாசம் எலிக்குக் குடுத்துப் பாத்திரிக்காங்க மரைக்கார். ஈரல், குடல், ரத்தம் எல்லாம் சோதிச்சிரிக்காங்க. ஒரு குறையும் இல்ல."

"எலியா?" மரைக்கார் சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "எங்கட வீட்ட எலி உடுப்புக் கழுவுற சவுக்காரம் ஒண்ட முழுசாத் திண்டிச்சு தம்பி. அடுத்த கிழமை சோக்காக் குட்டியும் போட்டிச்சு. அதுக்காக நாங்க சவுக்காரம் திம்பமா? மனிசன் திண்டு காட்டட்டும். மறுகா பாப்பம்."

இதற்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் பதில் வைத்திருக்கிறார்கள்?

இதெல்லாம் வெறும் வாய்ச்சண்டையாகப் போயிருந்தால் கபூரும் சிரித்துவிட்டு விட்டிருப்பான். ஆனால் கொழும்பிலிருந்து டைரக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். சீஸ் கட்டிகள் குளிர்ப்பெட்டியில் அடுக்கியபடி கிடந்ததைப் பார்த்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் இந்த ஊர் சீஸ் தின்னத் தொடங்காவிட்டால் யந்திரம் மலைநாட்டுக்குப் போகும், யந்திரத்துக்கும் பவுடருக்கும் பொறுப்பான கபூரும் கூடவே போகவேண்டும் என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

யந்திரம் போனால் போகட்டும். கபூர் எப்படிப் போவான்? அந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்ததும் அவன்தான் கமீலாவின் வீட்டுக்கு வந்தவன். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, பக்கத்து அறையில் அவளுடைய உம்மா சபியா உம்மா. கலியாணம் முடித்து ஒன்பது வருஷம். இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய்விட்டன. இப்போது மூன்றாவது, வயிறு நன்றாகத் தெரிகிற மாதம். பஸ்ஸில் ஏறுவதே கூடாது, மலை ஏறுவதைப் பற்றிக் கனவிலும் நினைக்காதீர்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆக, யந்திரம் போனால் அவன் பனிக்குள்ளே தனியே நடுங்குவான், அவள் இங்கே தனியே பிள்ளை பெறுவாள். முதல் இரண்டு தரமும் அவள் கதறியபோது கையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அவன். மூன்றாம் தரம் தந்தியில்தான் தெரியவருமா? இதை நினைத்தால் கபூருக்குச் சோறு இறங்கவில்லை.

"மனிசன் திண்டு காட்டத்தானே வேணும்? காட்டுறன்" என்று முடிவெடுத்தான்.

கடற்கரைக்குப் போகிற சின்னத் தெருவான அவர்களுடைய ஒழுங்கைதான் சோதனைக்களம். ஒழுங்கையின் வடக்குப் பக்கத்து வீடுகளுக்குப் பவுடர் போட்ட சீஸ். தெற்குப் பக்கத்துக்கு அதே பாலைத் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, விட்டுத் திரைத்துக் கட்டிய கட்டி. யாருக்கு எது என்று யாருக்கும் சொல்வதில்லை. வடக்குக்குச் சிவப்பு நூல், தெற்குக்கு வெள்ளை நூல் கட்டி வாழையிலையில் பொதிந்து பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு வீடு வீடாகக் கொடுப்பது. காலையில் போய் வயிறு எப்படி என்று விசாரிப்பது. பெருநாள் நெருங்கும்போது இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் வெளிச்சம். பெரிய ஆய்வுகூடத்தில் எலிக்குச் செய்ததை அவன் மனிதருக்குச் செய்கிறான், அவ்வளவுதான். அதே ஒழுங்கையில் குடியிருந்த மரைக்காரும் சம்மதித்தார். ஒழுங்கையும் சம்மதித்தது, சும்மா வருகிற பண்டத்தை வேண்டாம் என்று சொன்ன ஒழுங்கை எங்கே இருக்கிறது?

"சேர், என்னை எந்தப் பக்கத்தில போடுறீங்க?" என்று அழகரெத்தினம் கேட்டான்.

"நீ காரைதீவு. கணக்கில இல்ல."

"நல்லதாப் போச்சு. காலையில வந்து வயித்தால போச்சா எண்டு கேக்கிற ஆளுக்கு என்ர மனிசி தும்புத்தடியால குடுத்திருப்பா."

எல்லாம் சரி. ஒரு வீடு மட்டும் கணக்கில் விடுபட்டது. வடக்குப் பக்கத்தில் நாலாவதாக இருந்த வீடு. கபூரின் வீடு.

"ஊருக்கெல்லாம் பங்கு வெச்சுக் குடுக்கிறீங்க மருமகன். எங்கள மட்டும் தள்ளி வெச்சிட்டீங்களா?" என்று சபியா உம்மா வெற்றிலைத் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டார்.

"சோதிக்கிறவன் வீடு நடுநிலையா இரிக்கணும் மாமி. நாங்க திண்டா ஊர் நம்பாது. கமீலா, உனக்கும்தான். இந்த வீட்ட அது வரக்கூடாது."

கமீலா, "ஓம் மச்சான்" என்றாள். அவன் சொன்னால் அவளுக்கு அது போதும்.

நடுநிலையாவது கத்தரிக்காயாவது! அவனுக்குப் பயம். அதுதான் உண்மை. எலி அறிக்கையை அவன் மனப்பாடமாகவே வைத்திருந்தான். மற்றவர்கள் எல்லோர் விஷயத்திலும் அதை நம்பினான். கமீலாவின் வயிற்றைப் பார்த்ததும் அந்த அறிக்கை அவனுக்கு வெறும் காகிதமாகிவிட்டது. அதை வெளியே சொன்னால் யந்திரம் அன்றைக்கே ஜீப்பில் ஏறிவிடும் என்பதால் நடுநிலை என்ற நல்ல சட்டையைப் போட்டு மூடினான்.

சோதனை தொடங்கியது. கபூர் காலையில் ஒவ்வொரு வீட்டு வாசல் கடப்படியிலும் நின்று, வயிறு, தலை, நித்திரை எல்லாம் விசாரித்தான். பக்கத்து வளவு ஸுலைஹா வாய்க்காரி. "நித்திரை நல்லாத்தான் வந்திச்சு. நீங்க விடியக்காலமை வந்து எழுப்பினதுலதான் தலை சுத்துது" என்பாள். பெண்கள் வேலிக்குப் பின்னால் நின்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வடக்கிலும் குறையில்லை, தெற்கிலும் குறையில்லை. நாட்கள் நல்லபடியாகப் போயின. கபூருக்குச் சோறு இறங்கத் தொடங்கியது.

அப்போதுதான் முகைதீன்பாவா மரைக்கார் வயிற்றால் போய்ப் படுத்துவிட்டார்.

போனது கொஞ்சநஞ்சம் இல்லை. வெளிக்கும் வீட்டுக்குமாக நடந்து நடந்து மனிதர் பாதியாகிவிட்டார். எழும்பி உட்காரத் தெம்பு வந்த உடனே, டைரக்டர் வருகிற நாளாகப் பார்த்து, பால் சங்கத்து முன்மண்டபத்தில் கூட்டம் கூட்டிவிட்டார். ஆண்கள் மர வாங்குகளில் உட்கார்ந்தார்கள். பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு வேலியோரம் நின்றார்கள். டைரக்டருக்குத் தமிழ் விளங்காது. அழகரெத்தினம் பக்கத்தில் நின்று காதுக்குள் மொழிபெயர்த்தான்.

"இன்னா, பாருங்க என்ட கோலத்த!" மரைக்கார் சாரனைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "பவுடர் என்ன மவுத்தாக்கப் பாத்திச்சு. அல்லாஹ் காப்பாத்தினான். இந்த யந்திரம் இந்த ஊருக்கு வேணாம்!"

கூட்டம் சலசலத்தது. ஆனால் கபூர் பதறவில்லை. அவன் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தான். இப்படி ஒரு சந்தர்ப்பத்தைக் கேட்டாலும் கிடைக்குமா?

"மரைக்கார், உங்கட வீடு ஒழுங்கைக்குத் தெற்கு. உங்களுக்கு நான் ஒரு நாளும் பவுடர் சீஸ் தரல்ல. நீங்க திண்டது தேசிக்காய்ப் புளியில திரைச்ச பால். பவுடர் திண்ட வடக்குப் பக்கத்துல ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகல்ல!"

மண்டபம் அதிரச் சிரித்தது. அழகரெத்தினம் மொழிபெயர்த்ததும் டைரக்டர் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். கபூருக்குக் கமீலாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. போகத் தேவையில்லை, அவள் பக்கத்திலேயே இருக்கலாம்.

மரைக்கார் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"ஆரு சென்ன நான் வெள்ள நூல் சீஸத் திண்டனெண்டு? அது புட்டு மாதிரி உதிருது. அத எங்கட வீட்ட ஒருத்தரும் தொடுற இல்ல. என்ட பொண்டாட்டி அத ஸுலைஹாட வீட்ட அனுப்புவா. ஸுலைஹா செவத்த நூல் கட்டினத அனுப்புவா. அதுதான் சோக்கா இரிக்கும், ரொட்டிக்கும் நல்லம்."

கபூருக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. அட மடையா! அந்த ஒழுங்கையில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்தது உனக்குத் தெரியாமல் போனதா? ஒரு வீட்டில் நல்லதாக ஒன்று ஆக்கினால் அடுத்த வீட்டுக்கு ஒரு கோப்பை போகும். போன கோப்பை வெறுங்கோப்பையாகத் திரும்பாது. வெறுங்கோப்பையைத் திருப்பி அனுப்பினவளைப் பற்றி மூன்று தலைமுறைக்குக் கதைப்பார்கள். அந்த ஒழுங்கையில் வேலி என்பது கோப்பை வைத்துக் கொடுக்க வசதியாகக் கட்டின ஒன்று. ஆய்வுகூடத்து எலிகள் கூட்டுக்குக் கூடு கோப்பை அனுப்பியதில்லை, அதனால் அறிக்கையில் இதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"ஸுலைஹா, அப்ப வெள்ள நூல் சீஸ நீயா திண்ட?" என்று கபூர் வேலிப்பக்கம் பார்த்துக் கேட்டான்.

"எனக்கென்ன விசரா? அத நான் நஸீறாட வீட்ட அனுப்பினன். அவ சீனி போட்டுப் பினைஞ்சு புள்ளைகளுக்குக் குடுப்பா."

"இல்ல, நான் அத முனை வீட்டுக்கு அனுப்பிடுவன்" என்றாள் நஸீறா. "அவங்க இறச்சிக் கறி தருவாங்க. நாங்களும் செவத்த நூல்தான்."

முனை வீட்டுக்காரி அதை எங்கே அனுப்பினாள் என்று சொல்லத் தொடங்கியபோது அழகரெத்தினம் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டான். டைரக்டர் அவனைத் தோளில் இடித்தார். "எல்லாரும் எல்லாத்தையும் திண்டிட்டாங்களாம் சேர்" என்று அவன் ஒரே வசனத்தில் முடித்தான்.

"மரைக்கார், ஒண்டு கேக்கட்டா?" என்று அவனே திரும்பிக் கேட்டான். "வயித்தால போக முந்தின நாள் ஒரு கலியாணம் நடந்ததே, போனீங்களா?"

"போகாம? சொந்தக்காரன்ட கலியாணம்."

"போனவர் ரெண்டு சஹன்ல குந்தினவர்" என்றாள் ஸுலைஹா. சஹன் என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தாலம். அதில் ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றில் போய்க் குந்துகிறவனுக்கு வயிறு என்ன செய்யும்? மண்டபம் மறுபடி சிரித்தது. மரைக்கார் சாரனைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். விஷயம் கபூர் பக்கம் சாயத் தொடங்கியது. ஸுலைஹா அதோடு வாயை மூடியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஸுலைஹா எப்போது வாயை மூடினாள்?

"மரைக்கார் மாமாவாவது ரெண்டு துண்டு. எல்லாரையும் விடக் கூடத் திண்ட நம்மட கமீலாதான். பின்னேரமானா வேலிக்குக் கிட்ட வந்து நிப்பா. செவத்த நூல்தான் வேணுமெண்டு கேட்டு வாங்குவா. மசக்கை ஆசையெண்டு நாங்களும் ஆளுக்கொரு துண்டு குடுக்கிறதான்."

கபூர் எழும்பினான். என்ன செய்கிறான் என்று யாருக்கும் விளங்கவில்லை. வாங்கைத் தாண்டினான், டைரக்டரின் தொப்பியைத் தட்டிவிட்டான், ஒரு செருப்பை வாசலிலும் மற்றதை வீதியிலும் விட்டுவிட்டு ஓடினான். என்னமோ ஏதோ என்று கூட்டமும் பின்னால் ஓடியது. வயிறு சரியில்லாத மரைக்கார் எல்லோருக்கும் முன்னால் ஓடினார். தொப்பியைத் தட்டிக்கொண்டு டைரக்டரும் ஓடினார்.

கமீலா முற்றத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். செருப்பில்லாமல் மூச்சிரைக்க வந்து நிற்கிற புருஷனையும், வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற ஊரையும் பார்த்து எழும்பினாள்.

"கமீலா, நீ சீஸ் திண்டியா?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"தொடங்கின நாள்ல இருந்து."

"யா அல்லாஹ்!" கபூர் தலையில் கைவைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "ஏன் திண்ட? ஏன்டி திண்ட? வகுறு நோகுதா? புள்ள அசையுதா? எழும்பு, ஆசுபத்திரிக்குப் போவம்!"

வேலிக்கு மேலால் முகைதீன்பாவா மரைக்காரின் குரல் மெதுவாக வந்தது.

"ஏன் தம்பி? தின்னக் கூடாதா?"

கபூர் நிமிர்ந்து பார்த்தான். அப்போதுதான் அவனுக்குத் தான் செய்தது உறைத்தது. வடக்கும் தெற்கும் வரிசையாக அவனைப் பார்த்துக்கொண்டு நின்றன. அவன் கையால் வாங்கித் தின்ற முகங்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டு இனியும் நடுநிலை என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

"எனக்குப் பயம் மரைக்கார்" என்றான். "இவ விஷயத்துல எனக்குப் பயம்."

"கேட்டீங்களா!" மரைக்கார் வேலியைப் பிடித்து உலுக்கினார். "ஊரான்ட புள்ளைக்கு நல்லமாம், இவர்ட புள்ளைக்குப் பயமாம்! கொண்டு போங்க யந்திரத்த!"

சரிதானே? நீங்களும் நானும் அங்கே நின்றிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்போம். நஸீறா தன் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். டைரக்டர் அழகரெத்தினத்தின் முகத்தைப் பார்த்தார். அழகரெத்தினம் மொழிபெயர்க்காமல் கடற்கரைப் பக்கம் பார்த்தான். எல்லாம் போய்விட்டது என்று கபூர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான்.

கமீலா முருங்கையிலைச் சுளகைக் கீழே வைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி வேலிக்குக் கிட்டப் போனாள். அவள் ஊர் ஆண்களுக்கு முன்னால் வாய் திறந்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

"மரைக்கார் மாமா, இவர் ரெண்டு புள்ளையப் பறிகுடுத்த மனிசன். நான் பச்சத் தண்ணி குடிச்சாலும் பயப்படுவார். படியில இறங்கினாப் பயப்படுவார். இருமினா எழும்பிக் குந்திடுவார். இவர் பயப்படுறதையெல்லாம் நஞ்செண்டு பாத்தா நான் தண்ணியும் குடிக்க ஏலா. இவர விடுங்க. என்னைப் பாருங்க. இந்த ஒழுங்கையில எல்லாரையும் விடக் கூடத் திண்ட ஆள் நான்தான். ஸுலைஹா, இருந்தா ஒரு துண்டு தா."

ஸுலைஹா ஓடிப் போய்க் கோப்பையோடு வந்தாள். ஊர் பார்த்துக்கொண்டிருக்கக் கமீலா அந்தத் துண்டை வாயில் போட்டு, மென்று, விழுங்கி, உதட்டைத் துடைத்தாள்.

மரைக்கார் வேலியிலிருந்து கையை எடுத்தார். "மெய்யாச் செல்லு மகள். வகுத்துக்குள்ள ஒண்டும் இறுகல்லியா?"

"இறுகல்ல மாமா. உதைக்கிது."

முதலில் சிரித்தது சபியா உம்மா. அறைக்குள்ளிருந்து வந்து, "எனக்கும் ஒண்டும் இறுகல்ல. நானும் களவாத் திண்டன்" என்று அவர் சொன்னதும் வேலியே சிரித்தது. ஊரில் சீஸ் வழக்கு அன்றோடு முடிந்தது. பெருநாளன்று இனிப்பு வட்டிலப்பத்துக்குப் பக்கத்தில் சீஸ் இல்லாத வீடு கல்முனையில் குறைவு. மரைக்கார் வீட்டில் அதை இறைச்சிக் கறிக்குள்ளும் போட்டார்கள் என்று கேள்வி. டைரக்டர் யந்திரத்தை விட்டுவிட்டுப் போனார். என்ன அறிக்கை எழுதினாரோ, வடக்குத் தெற்கு என்ற கணக்கை எப்படிச் சமாளித்தாரோ, அது அவர் பாடு.

அதுவரை கமீலாவின் கையைப் பிடித்திருந்த கபூரை ஆசுபத்திரியில் பிரசவ அறைக்குள் விடவில்லை, பிள்ளை பிறந்தபோது அவன் கதவுக்கு வெளியேதான் நின்றான். பெண் பிள்ளை. பெரிய குரல். ஹாஜறா என்று பெயர் வைத்தார்கள். பிள்ளையின் காதில் பாங்கு சொல்லும்போது அவனுக்கு நாக்குத் தடுமாறியது.

கமீலாவை வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள் பின்னேரம், கபூர் பால் சங்கத்திலிருந்து ஒரு பொதியோடு வந்தான். அன்றைய தொட்டியில் நல்ல கட்டியாகப் பார்த்து அழகரெத்தினம் வெட்டிக் கொடுத்தது. அவனே வாழையிலையைப் பிரித்துக் கோப்பையில் வைத்து அவளிடம் நீட்டினான்.

கமீலா முக்காட்டால் மூக்கைப் பொத்தினாள்.

"மச்சான், அல்லாஹ்வுக்காக அத அங்கால கொண்டு போங்க."

"ஏன் புள்ள? உனக்கு ஆசையெண்டுதானே..."

"ஆசையா? எனக்கு அந்த மணமே ஆகா. முதல் நாள் திண்டிட்டு வாழையடியில போய்ச் சத்தி எடுத்தன்."

கபூர் கோப்பையைப் பிடித்தபடியே நின்றான். "அப்ப ஏன் நெடுகத் திண்ட?"

"தொடக்கத்துல ஒழுங்கையில ஒருத்தியும் தின்னல்ல மச்சான், அதான். நீங்க காலமை கேக்கக்குள்ள திண்டமெண்டு செல்லுவாளுகள். ஆனாப் பயத்துல கோழிக்குப் போட்டாளுகள். ஒரு புள்ளத்தாச்சி திங்கிறதக் கண்டாத்தானே மத்தவளுக்குத் துணிவு வரும்? அதான் பின்னேரம் பின்னேரம் வேலிக்குக் கிட்டப் போய் நிண்டு, எல்லாரும் பாக்கக் கேட்டு வாங்கித் திண்டன். நீங்க மலைக்குப் போயிட்டா நான் ஆர்ர கையப் புடிச்சிக்கிட்டு இவளப் பெறுற?"

கபூர் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தான். "அது உனக்கோ புள்ளைக்கோ ஏதாவது செஞ்சிருந்தா?"

கமீலா அவனை வியப்போடு பார்த்தாள்.

"நீங்கதானே சென்னீங்க, ஒண்டும் செய்யாதெண்டு."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். கட்டிலோரம் உட்கார்ந்தான். ஊருக்கெல்லாம் எலிக் கதை சொல்லித் திரிந்தவன் அவன். ஒருவரும் நம்பவில்லை. இவள் நம்பினாள். அவன் சொன்ன ஒரு சொல்லை நம்பி, அந்தப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, பிடிக்காததை விழுங்கினாள். அவனோ அவளிடம் நடுநிலை என்று பொய் சொன்னான். வெட்கம் தாங்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதான், அடக்கப் பார்த்தும் சத்தம் வெளியே வந்துவிட்டது.

"என்ன மகள், புள்ள அழுகுதா?" என்று அடுக்களையிலிருந்து சபியா உம்மா கேட்டார்.

கமீலா ஒரு கையால் அவனுடைய தலையைத் தடவினாள்.

"இல்ல உம்மா. புள்ள தூங்குது."